மலையூரில் மாலைக்கடை: சாசேஜ் பன்னும் கடலை மசாலாவும் சூடு ஆறாமல் கொடுப்பது எப்படி

குன்னூர், கோத்தகிரி, உதகை போன்ற ஊர்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் வியாபாரம் சூடுபிடிக்கும் சிறிய தின்பண்டக் கடை ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள், அடுப்பையும் தோசைக்கல்லையும் வாங்குவதற்கு முன்பாகச் சமையலுக்கு உதவும் குச்சி வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். கீழே கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ கைப்பழக்கத்தால் சரியாக வந்துகொண்டிருந்த பல வேலைகள் மலை ஏறியதும் தவறிப்போகும். கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் 94 டிகிரிக்கு அருகிலும், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் 93 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகவும் கொதித்துவிடுகிறது. பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து வெந்துவிட்டது என்று இறக்கினால் கடலை கல்லாகவே இருக்கும். அதற்கு மேல், இறக்கிய பண்டம் தட்டில் விழுந்த சில நிமிடங்களிலேயே ஆறிவிடுகிறது. இந்த இரண்டையும் சமாளிக்கத் தெரிந்தால் மலையில் கடை நடத்தலாம்.

நானும் என் மைத்துனரும் குன்னூரில் இரண்டு அடுப்பு வைத்து நடத்தும் கடையில் ஆறு பண்டங்கள் மட்டுமே உண்டு: சாசேஜ் பன், உருளைக்கிழங்கு ஃபிங்கர் சிப்ஸ், கடலை மசாலா, கலக்கி, மிளகாய் பஜ்ஜி, சிக்கன் சில்லி. தொடக்கத்தில் இருபத்து இரண்டு பண்டங்களைப் பலகையில் எழுதிவைத்திருந்தோம். கூட்டம் வந்த நாளில் ஒன்றைச் செய்து முடிப்பதற்குள் மற்றொன்று ஆறியது. எதையும் சூடாகக் கொடுக்க முடியவில்லை. இரண்டு அடுப்புக்கு ஆறு பண்டம் என்பது எங்கள் அனுபவக் கணக்கு. அதற்கு மேல் சேர்க்க ஆசைப்படுபவர்கள் மூன்றாவது அடுப்பையும் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் சேர்த்த பிறகே பலகையில் கை வைக்க வேண்டும்.

பலகை என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் நாங்கள் 'ஹாட் டாக்' என்றே எழுதிவைத்திருந்தோம். தேயிலைத் தொழிற்சாலை வேலை முடிந்து வந்த பெரியவர் ஒருவர் நின்று நிதானமாகப் படித்துவிட்டு, "ஏன் தம்பி, நாய்க்கறியெல்லாமா விக்கறீங்க?" என்று கேட்டார், கிண்டல் பாதி, சந்தேகம் பாதி. மறுநாளே 'சிக்கன் சாசேஜ் பன்' என்று மாற்றினோம். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துப் பாணியில் வந்த கறிக்குழல் அமெரிக்காவில் ரொட்டிக்குள் புகுந்து அந்தப் பெயரைப் பெற்றது என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. எந்த இறைச்சி என்பதைப் பலகையிலேயே எழுதுவது இன்னொரு வகையிலும் தேவையாகிறது: பன்றி இறைச்சி சாப்பிடாதவர்களும், மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும், சனிக்கிழமை எதுவுமே சாப்பிடாதவர்களும் ஒரே மேசையில் வந்து உட்காரும் ஊர் இது. பன்றி சாசேஜும் விற்பதானால் கல், கரண்டி, இடுக்கி மூன்றையும் தனியாக வைக்க வேண்டும். ஒரே கல்லில் ஓரம் ஒதுக்கிக்கொள்கிறோம் என்பது ஏமாற்று.

சாசேஜ்

உறைந்த நிலையில் பாக்கெட்டாக வரும் சாசேஜ்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்து சேர வேண்டும். வழியில் பர்லியார் பக்கம் மண் சரிந்தோ மரம் விழுந்தோ வண்டி நின்றால், பனி உருகி மறுபடியும் உறைந்த சரக்கு நம் கைக்கு வரும். பாக்கெட்டின் ஒரு மூலையில் பனிக்கட்டி திரண்டிருந்தாலும், சாசேஜ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒருமுறை, வாங்கியவனுக்கே தயக்கமாக இருந்த சரக்கை விலைக் கழிவுக்கு ஆசைப்பட்டு இறக்கினோம். கல்லில் போட்டதும் நீர் விட்டுச் சுருங்கி, புளித்த வாடை அடித்தது. அன்றைய சரக்கு முழுவதையும் குழி தோண்டிப் புதைத்தோம்.

வாங்கியதை மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் வைத்து, மறுநாள் மாலைக்குத் தேவையானதை மட்டும் முதல் நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்ற வேண்டும். "வெளியே இருக்கும் குளிரே போதுமே, பெட்டி எதற்கு?" என்று மலையில் பலரும் நினைக்கிறார்கள். நமக்குப் போர்வை தேவைப்படும் குளிர் கிருமிக்குக் குளிரே அன்று. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் அவை பெருகும். குன்னூரின் பகல் பொழுது ஏறத்தாழ 20 டிகிரியில் அந்த எல்லைக்குள் நன்றாக அடங்குகிறது.

பாக்கெட் சாசேஜ்களில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலேயே வேகவைக்கப்பட்டவை. உறையிலுள்ள குறிப்பைப் படித்து இதை உறுதிசெய்துகொள்ளுங்கள். சில வகைகளின் மேல் தின்ன முடியாத மெல்லிய உறை இருக்கும், அதை உரித்துவிட வேண்டும். அகன்ற பாத்திரத்தில் தண்ணீரை 80 டிகிரிக்குச் சூடாக்கி, கொதிக்கவிடாமல், பத்து நிமிடம் சாசேஜ்களை அதில் மிதக்க விடுங்கள். கொதித்தால் தோல் வெடித்து, உள்ளிருக்கும் கொழுப்பும் சாறும் தண்ணீரில் கலந்து, மிஞ்சுவது சக்கையாகிவிடும். பிறகு சாய்வாக நான்கு கீறல் போட்டு, சிறிது வெண்ணெய் தடவிய கல்லில் உருட்டி உருட்டிச் சிவக்க வைத்து, வெப்பமானியின் முனையை நடுவில் செருகிப் பாருங்கள்; 74 டிகிரி காட்டினால் கொடுக்கலாம். கூட்ட நேரத்தில், இந்த வெந்நீர்ப் பாத்திரத்தையே 65 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருந்தால் அடுத்தடுத்து எடுத்துக் கல்லில் போட வசதியாக இருக்கும். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதில் ஊறியதை நாங்கள் விற்பதில்லை, சுவை தண்ணீருக்குப் போய்விடுகிறது.

பன் விஷயத்தில் அடுமனைக்காரரோடு நேரில் பேசித்தான் ஆக வேண்டும். வழக்கமாகக் கிடைக்கும் நீள பன்கள் கிரீம் அடைப்பதற்காக இனிப்பாகச் செய்யப்படுபவை. சர்க்கரையைக் குறைத்து, சாசேஜின் நீளத்துக்கு, அதாவது சுமார் 15 சென்டிமீட்டருக்கு, அடுக்கி ஒட்டிக்கொண்டு வேகும்படி சொல்லிச் செய்து வாங்குங்கள். ஒட்டி வெந்த பன்னின் பக்கவாட்டில் பொருக்கு இராது, வெண்ணெய் தடவிக் கல்லில் போட்டால் அழகாகச் சிவக்கும். மீந்த பன்னைக் குளிர்பெட்டியில் வைப்பது மலையில் எல்லோரும் செய்யும் தவறு. ரொட்டியிலுள்ள மாவுச்சத்து மிக வேகமாக இறுகுவது உறைநிலைக்குச் சற்று மேலுள்ள குளிரில்தான். டிசம்பர், ஜனவரி இரவுகளில் கடையின் அலமாரியே குளிர்பெட்டியாகிவிடுவதால், பன் கூடையைக் கம்பளிச் சாக்கால் சுற்றி அடுப்புப் பக்கச் சுவரோரம் வைக்கிறோம். இறுகிய பன்னை அரை நிமிடம் ஆவியில் காட்டி, உட்புறத்தில் வெண்ணெய் தடவிக் கல்லில் கவிழ்த்தால் மறுபடி இளகும். வெண்ணெயில் சிவந்த பரப்பு சாஸ் ஊறிப் பன் நைந்துபோகாமலும் காக்கும்.

பன்னைப் பக்கவாட்டில் கீறாமல் மேலிருந்து முக்கால் ஆழம் கீறி, முதலில் கடுகு சாஸ், அதன்மேல் சாசேஜ், அதன்மேல் பொடியாக நறுக்கிய வெங்காயம், உப்பும் எலுமிச்சையும் பிசறிய கேரட், முட்டைக்கோஸ் துருவல் என்று அடுக்குங்கள். காயை முன்கூட்டியே பிசறி வைத்தால் நீர் விடும். கேட்ட பிறகு பிசறினால் போதும். அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் இந்தப் பண்டத்தின் மேல் தக்காளி கெச்சப் ஊற்றுவதைப் பெருங்குற்றம் போலப் பார்ப்பார்கள், அங்கே கடுகும் ஊறுகாயும் தக்காளித் துண்டும்தான். குன்னூரிலோ கெச்சப் கேட்காத வாடிக்கையாளரை நான் இன்னும் பார்க்கவில்லை, கடுகு சாஸை ஒதுக்கிவிட்டுப் பச்சைமிளகாய்ச் சட்னி கேட்பவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். மயோனைஸ் கேட்பவர்களுக்கு முட்டையில்லாத வகையை மட்டும் வையுங்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்ததற்குக் காரணம் அதில் எளிதாகப் பெருகும் கிருமிகள்; தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் காரணம் மாறப்போவதில்லை.

உருளைக்கிழங்கு

எங்களுக்கு அதிக நட்டத்தையும் அதிக அறிவையும் தந்தது உருளைக்கிழங்குதான். விளையும் மண்ணிலேயே கடை வைத்திருக்கிறோம், கிழங்குக்கு என்ன குறை என்ற நினைப்பில் முதல் டிசம்பரில் இரண்டு மூட்டை இறக்கினோம். பத்து நாள் கழித்துப் பொரித்த ஃபிங்கர் சிப்ஸ் எல்லாம் வெளியே கருகிய பழுப்பாகவும் உள்ளே வேகாமலும், லேசான இனிப்போடும் வந்தன. எண்ணெய்தான் கெட்டது என்று மூன்று முறை எண்ணெயை மாற்றினோம். மண்டியில் பல ஆண்டு எடை போட்ட முதியவர் ஒருவர் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, "மூட்டைய ராத்திரி எங்க வெச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். கடையின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் வைத்திருந்தோம். உருளைக்கிழங்கு சுமார் 8 டிகிரிக்குக் கீழே சில நாள் கிடந்தால், தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளத் தொடங்கும். அந்தச் சர்க்கரை எண்ணெயில் பட்டதும் உள்ளே வேகும் முன்பே மேற்புறம் கருகுகிறது. தகரக் கொட்டகையின் டிசம்பர் இரவு எங்கள் கிழங்கை அப்படி ஆக்கியிருந்தது.

ஆகவே மூட்டையைத் தரையில் படாமல் பலகைமேல், அடுக்களையை ஒட்டிய அறையில், வெளிச்சம் படாமல் வையுங்கள். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகிக் கசக்கும், அந்தக் கிழங்கு உடலுக்கும் ஆகாது. ஏற்கெனவே இனித்துப்போன கிழங்கை 15 முதல் 18 டிகிரி வெப்பமுள்ள அறையில் இரண்டு, மூன்று வாரம் வைத்தால் பெருமளவு தேறிவிடும். புது மூட்டை பிரித்ததும் ஒரே ஒரு துண்டைப் பொரித்துப் பார்த்துவிட்டு மற்றதை நறுக்குவது நல்ல பழக்கம். நீலகிரியில் நெடுங்காலமாகப் பயிராகும் குஃப்ரி ஜோதி வகை பொரிப்பதற்குப் போதுமானது, நொறுங்கும் மாவுக் கிழங்காகப் பார்த்து எடுத்தால் சரி.

ஒரு சென்டிமீட்டர் தடிப்பில் நறுக்கிய துண்டுகளைத் தண்ணீர் தெளியும்வரை அலசி, 70 முதல் 75 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்த வேண்டும். பின்னர் எண்ணெயில் இரண்டு முறை பொரிக்க வேண்டும். சமவெளியில் பஜ்ஜிக்கும் சிப்ஸுக்கும் 175 முதல் 180 டிகிரி என்பார்கள். மலையில் பண்டத்தினுள் இருக்கும் நீர் தாழ்ந்த வெப்பத்திலேயே ஆவியாகிவிடுவதால் உட்பகுதிக்குச் சூடு ஏறத் தாமதமாகும். மேற்புறமோ எண்ணெயின் சூட்டுக்கேற்பச் சிவந்துவிடும். 300 மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஒன்றரை டிகிரி வீதம் எண்ணெய்ச் சூட்டைக் குறைத்து, நேரத்தைக் கூட்டுவதுதான் வழி. குன்னூருக்கு ஏறக்குறைய 10 டிகிரி குறைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். முதல் பொரிப்பு 140 டிகிரியில் ஐந்து நிமிடம், நிறம் மாறக் கூடாது. இதை மாலை நான்கு மணிக்கே முடித்து ஆறவைத்துவிடலாம். ஆள் கேட்ட பிறகு 168, 170 டிகிரியில் இரண்டாம் பொரிப்பு. கரண்டியில் அள்ளிக் குலுக்கினால் சலசலவென்று சத்தம் கேட்க வேண்டும். மிளகாய் பஜ்ஜிக்கும் இதே கணக்குதான், மாவை மட்டும் சற்று நீர்க்கக் கரைத்தால் உள்ளே பச்சை மாவு தங்காது.

எண்ணெயைப் பற்றிச் சட்டமே ஓர் எல்லை வகுத்திருக்கிறது. திரும்பத் திரும்பக் கொதித்த எண்ணெயில் உருவாகும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. அளக்கும் கருவி இல்லாத சிறு கடைக்காரர் நுரை அடங்காமல் நிற்பது, குறைந்த சூட்டிலேயே புகைவது, கரண்டியிலிருந்து கம்பியாக ஒழுகுவது ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் நிறுத்திவிட வேண்டும். பழைய எண்ணெயில் புதியதை ஊற்றிச் சரிக்கட்டுவது புதியதையும் கெடுப்பதாகும். ஒவ்வோர் இரவும் தூள் போக வடிகட்டினால் எண்ணெய் கூடுதல் நாள் வரும்.

கடலை, கலக்கி, சில்லி

கடலை மசாலாவுக்கு நிலக்கடலையை ஊறவைப்பதிலேயே மலை தன் வேலையைக் காட்டும். குளிர்ந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறினாலும் நடுவில் கெட்டியாக இருக்கும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, பாத்திரத்தைச் சாக்கால் சுற்றி எட்டு மணி நேரம் வையுங்கள். திறந்த பாத்திரத்தில் வேகவைப்பது எரிவாயுவுக்குக் கேடு, குக்கர் கட்டாயம். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவாக இருப்பதால் குக்கருக்குள்ளும் சமவெளியில் ஏறும் அளவுக்குச் சூடு ஏறாது. கோயம்புத்தூரில் நான்கு விசில் என்றால் இங்கே ஆறு. உப்பையும் மஞ்சளையும் வேகும்போதே சேர்த்தால்தான் பருப்புக்குள் இறங்கும். வடித்த கடலையைச் சூட்டோடு சூடாகக் கல்லில் ஒரு பிரட்டு பிரட்டி, வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாய், மல்லித்தழை, எலுமிச்சை சேர்த்துக் கொடுங்கள். மதுக்கூடங்களில் இதையே ஆறிய கடலையில் பிசறித் தருவார்கள், குளிர்ந்த ஊரில் அது எடுபடாது.

கலக்கி, கொங்கு நாட்டிலிருந்து எங்களோடு மலை ஏறி வந்த பண்டம். முட்டையும் சால்னாவும் மிளகுத்தூளும் கலந்து, குழிந்த கல்லில் ஊற்றி, அரை வேக்காட்டில் சுருட்டி எடுப்பது. ஓடு வெடிக்காத புது முட்டையாக இருக்க வேண்டும், தட்டில் விழுந்த உடனே சாப்பிட்டுவிட வேண்டும். குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் கேட்டாலும் நாங்கள் நன்றாக வேகவைத்த ஆம்லெட்தான் தருகிறோம். சிக்கன் சில்லிக்கு ஒரே ஒரு குறிப்பு: நிறம் மிளகாய்த்தூளிலிருந்து வரட்டும், சிவப்புப் பொடி டப்பாவைக் கடைக்குள் கொண்டுவராதீர்கள்.

இவையெல்லாம் மதுவோடு தொட்டுக்கொள்ளும் பண்டங்கள் என்பதால் மாலை நேரத்தில் ஒரு தொல்லை தவறாமல் வரும். பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருக்கும் டாஸ்மாக் கடையில் வாங்கியதை இடுப்பில் செருகிக்கொண்டு, "அண்ணா, ஒரு டம்ளரும் தண்ணியும் குடுங்க, அஞ்சே நிமிஷம்" என்பார்கள். உரிமமில்லாத இடத்தில் குடிக்க அனுமதித்தால் குற்றம் கடைக்காரர்மேல் விழும். சண்டையிடாமல் மறுக்க நாங்கள் கண்டுபிடித்த வழி, சைடு டிஷ்ஷைப் பார்சலாக முதலிலேயே கட்டி நீட்டிவிடுவது. கையில் பொட்டலம் வந்ததும் கால் தானாக நகரும். காலிப் பாட்டிலைக் கடையருகே வீசுபவர்களுக்கு, நீலகிரியில் 2022 மே மாதம் முதல் பாட்டிலுக்குக் கூடுதலாக வாங்கும் 10 ரூபாய், காலியைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் என்று நினைவூட்டினால் போதும், பெரும்பாலும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பார்சலுக்கு எதில் கட்டுவது என்பதிலும் மலை மாவட்டத்தின் விதிகள் கடுமையானவை. மாநிலம் முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. நீலகிரியில் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கட்டுப்பாடு இருந்தது. பாக்குமட்டைத் தட்டு, வாழையிலை, வெள்ளைத் தாள், சில்வர் டம்ளர் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செய்தித்தாளில் பஜ்ஜி கட்டினால் அச்சு மை எண்ணெயில் கரைந்து வயிற்றுக்குப் போகும், அதற்கும் தடை உண்டு. கெச்சப்பைச் சிறு பாக்கெட்டுகளாக வாங்காமல் பெரிய புட்டியில் வாங்கினால் குப்பையும் குறையும், செலவும் குறையும். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண்ணைப் பெற்று, வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்டுங்கள். வீட்டுச் சிலிண்டரைக் கடையில் பயன்படுத்தாமல் 19 கிலோ வணிகச் சிலிண்டர் வாங்குங்கள். கடுங்குளிரில் இரண்டு அடுப்பும் முழுவீச்சில் எரிந்தால் சிலிண்டர் மேல் பனி பூத்துத் தீ தாழும். அப்போது அதன்மேல் வெந்நீர் ஊற்றுவதோ பக்கத்தில் கங்கு வைப்பதோ உயிருக்கே ஆபத்து. விநியோகிப்பவரிடம் கேட்டு இரண்டு சிலிண்டர்களை ஒரே குழாயில் இணைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது.

தட்டின் சூட்டைக் காப்பதற்குச் செலவில்லாத ஏற்பாடு ஒன்று உண்டு. சாசேஜ் மிதக்கும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் துளையிட்ட மூடியைப் போட்டு, அதன்மேல் சில்வர் தட்டுகளைக் கவிழ்த்து அடுக்குங்கள். எடுத்துத் துடைத்து உடனே பரிமாறினால், மூடுபனி இறங்கிய மாலையிலும் கடைசிச் சிப்ஸ் வரை வெதுவெதுப்பு இருக்கும்.

விலையில் பொருட்செலவு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே கூட்டத்தையும் செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசனையும் நம்பி விலையை ஏற்றினால், வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டு சுற்றுலா வண்டிகள் குறையும் நவம்பரில் உள்ளூர்க்காரர்கள் கடைப் பக்கமே திரும்ப மாட்டார்கள். அருவங்காட்டிலிருந்தும் வெலிங்டனிலிருந்தும் வேலை முடிந்து பேருந்துக்கு நிற்பவர்கள்தான் ஆண்டு முழுவதும் கடையை நிறுத்துகிறார்கள். அவர்கள் பையிலிருந்து தயங்காமல் எடுக்கும் தொகையே சரியான விலை.

கடை அடைக்கும்போது கல்லைச் சுரண்டி எண்ணெய் தடவி வைப்பது எல்லா ஊருக்கும் பொது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடுதலாக ஒரு வேலை உண்டு. எண்ணெய் டின்னையும் பன் கூடையையும் வாளியிலுள்ள எச்சிலையும் தகரக் கதவுக்குப் பின்னால் விட்டுப் போகாதீர்கள். எண்ணெய் வாசனைக்குக் கரடி வரும், கதவைப் பெயர்த்துவிடும். எண்ணெயை இறுக மூடிச் சுவருள்ள அறையில் பூட்டி, வாளியை அன்றிரவே நகராட்சித் தொட்டியில் கொட்டிக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பின்பக்கத்துப் பாதையில் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே இறங்குங்கள். மேலே தேயிலைக்குள் காட்டெருமை நின்றாலும் நிற்கும்.